தெற்குப் பார்த்த வீட்டில் தோட்டம் எங்கே? கூடுவாஞ்சேரி வீடு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

அக்கா வீட்டுக் கொல்லையில் கத்தரிச் செடிகள் இடுப்பளவுக்கு வளர்ந்து நின்றன. ஒன்றில்கூடப் பிஞ்சு இல்லை. தண்டெல்லாம் மெலிந்து, கிழக்குச் சந்துப் பக்கமாக வளைந்திருந்தது. 2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்தது. மழை விட்ட மூன்றாம் நாள் நான் கூடுவாஞ்சேரிக்குப் போனபோது கண்ட காட்சி இது. கொல்லையில் இன்னும் கணுக்காலளவு தண்ணீர் நின்றது.

"உரம் பத்தலையாடா? இல்ல புயல்தான் கெடுத்துடுச்சா?" என்று அக்கா கேட்டாள்.

புயல் மூன்று நாளைய சேதம். அந்தச் செடிகள் அதற்கு இரண்டு மாதம் முன்பே பூ உதிர்க்கத் தொடங்கியிருந்தன. உரத்திலும் குறை இல்லை, வேண்டிய அளவுக்கு மேலேயே போட்டிருந்தாள். புதிதாக வீடு கட்டித் தோட்டம் போடத் தொடங்கும் பலருக்கும் இதே சிக்கல் வருகிறது என்பதால், அங்கே நடந்ததை முதலிலிருந்து எழுதுகிறேன்.

மனையும் முதல் ஆண்டும்

மனை 30 அடிக்கு 60 அடி. தெற்குப் பார்த்த வீடு, தரைத்தளமும் முதல் தளமும் சேர்ந்து கைப்பிடிச் சுவர் வரை 25 அடி உயரம். முன்னால் 12 அடி ஆழத்துக்கு இடம், அதில் கார் நிறுத்தப் போக 18 அடி அகலம் மீதி. பின்னால் வடக்கே 10 அடி. கிழக்கே 5 அடிச் சந்து, மேற்கே 3 அடிச் சந்து. வாசலுக்கு எதிரே 20 அடிச் சாலை, அதைத் தாண்டி அப்போது காலி மனை.

2022 தையில் புதுமனை புகுந்தார்கள். சித்திரையில் தோட்ட வேலை. முன்பக்கம் அழகுக்கு, பின்பக்கம் காய்கறிக்கு என்று மாமா பிரித்துவிட்டார். நம் ஊரில் யாரும் அப்படித்தான் பிரிப்போம். கொல்லையில் கத்தரியும் முருங்கையும், வாசலில் பூவும் புல்லும் என்றுதானே பார்த்து வளர்ந்திருக்கிறோம். நர்சரிக்காரர் வந்து முன்னால் மெக்சிகன் புல் விரித்தார். மதில் ஓரம் இட்லிப்பூ வரிசை, வாசலுக்கு இரு புறமும் அலங்காரப் பனை. கொல்லையில் மூன்று அங்குலத்துக்குச் செம்மண் பரப்பிப் பாத்தி பிரித்துக் கொடுத்துவிட்டுப் போனார். மொத்தச் செலவு 40,000 ரூபாயை ஒட்டி வந்தது.

ஆடியில் அக்கா விதைத்தாள். ஆவணி முடியும் வரை கொல்லை பார்க்கப் பச்சைப் பசேலென்று இருந்தது. புரட்டாசியில் பூ வந்தது. ஐப்பசியில் பூவெல்லாம் கொட்டியது. முன்னால் புல் திட்டுத் திட்டாகக் காய்ந்து, இட்லிப்பூ இலைகள் நரம்பு மட்டும் பச்சையாக, மற்ற இடமெல்லாம் மஞ்சளாக மாறின. அக்கா கடலைப் புண்ணாக்கு ஊறவைத்து ஊற்றினாள், பஞ்சகவ்யா தெளித்தாள், கடைக்காரர் சொன்ன டானிக் ஒன்றையும் அடித்தாள். எதற்கும் மசியவில்லை.

வெயில் எங்கே போனது

நான் போன அன்று மதியம் 12 மணிக்குக் கொல்லையில் நின்றேன். வீட்டின் நிழல் பாத்திகளைத் தாண்டி, பின் மதிலையும் தாண்டி, அடுத்த வீட்டு இடத்தில் விழுந்திருந்தது. வாசலுக்கு வந்தால் முகத்தில் சுள்ளென்று வெயில்.

சென்னைப் பகுதி நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறக்குறைய 13 பாகையில் இருக்கிறது. ஆண்டில் இரண்டே நாள்தான் உச்சி வெயில் நேர் தலைக்கு மேல் நிற்கும்: சித்திரையில் ஏப்ரல் 24 வாக்கில் ஒரு முறை, ஆவணித் தொடக்கத்தில் ஆகஸ்ட் 18 வாக்கில் ஒரு முறை. இந்த இரண்டுக்கும் இடையில் மதியச் சூரியன் நமக்கு வடக்கே சாய்ந்திருக்கும். அந்த நான்கு மாதமும் வடக்குக் கொல்லைக்கு நல்ல வெயில். அதற்குப் பிறகு சூரியன் தெற்கே இறங்கத் தொடங்குகிறது. மார்கழியில் உச்சி வேளையில்கூட அடிவானத்திலிருந்து 54 பாகை அளவுக்குத்தான் ஏறும். அப்போது ஒரு கட்டடத்தின் நிழல் அதன் உயரத்தில் முக்கால் பங்கு தூரம் வடக்கே நீளும். 25 அடி வீட்டுக்குப் பதினெட்டரை அடி. அக்காவின் கொல்லையோ 10 அடி.

காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தோம். ஐப்பசி பிறக்கும்போது நிழல் பின் மதிலைத் தொட்டுவிடுகிறது. திரும்ப அது கொல்லைக்குள் பின்வாங்குவது மாசி நடுவாக்கில். நடுவில் நான்கு மாதம் அந்தப் பாத்திகளுக்கு மதிய வெயில் துளியும் கிடையாது. ஆடிப்பட்டத்தில் விதைத்த கத்தரி பூத்துக் காய்க்க வேண்டியது சரியாக அந்த மாதங்களில்தான். கத்தரிக்கும் தக்காளிக்கும் மிளகாய்க்கும் நாளுக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். இலை தழைக்க அரை நிழல் போதும், காய்க்கப் போதாது. அதனால்தான் செடி வெளிச்சத்தைத் தேடி உயர்ந்துகொண்டே போய், பூவைக் கைவிட்டிருக்கிறது.

சித்திரையில் இடம் பார்த்துத் தோட்டம் போடுகிறவர்கள் எல்லோரும் விழக்கூடிய குழி இது. பார்த்த நாளில் வெயில் இருந்தது உண்மை. வீட்டுத் தோட்டத்துக்கு இடம் பார்க்க ஏற்ற மாதம் மார்கழி. அதுவரை காத்திருக்க முடியாதவர்கள் வடக்கே இருக்கும் இடத்தை அளந்து, கட்டட உயரத்தின் முக்கால் பங்கோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம். தெற்கே போகப் போக நிழல் குறையும். மதுரையில் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கு, கன்னியாகுமரியில் ஐந்தில் மூன்று பங்கு.

தெற்கு வாசலுக்கு இன்னொரு கொடையும் உண்டு. ஆனி மாதத்தில் சூரியன் வடக்கே இருப்பதால் 25 அடி வீடு தெற்கே நாலரை அடிக்கு நிழல் தரும், கத்திரி வெயில் காலத்தில் இரண்டரை அடி. அதாவது வீட்டை ஒட்டிய பாத்தி கோடை உச்சியில் மதிய நிழலும், பனிக்காலத்தில் முழு வெயிலும் பெறுகிறது. காய்கறிச் செடி கேட்டு வாங்கியதுபோல் ஓர் இடம். அதில்தான் புல் விரித்திருந்தார்கள்.

மாமாவிடம் இதைச் சொன்னபோது அவர் உடனே ஒப்பவில்லை. "வர்றவங்க கண்ணுல முதல்ல கத்தரிச் செடியா படணும்?" என்றார். அவருடைய தயக்கம் எனக்குப் புரிந்தது. வீட்டு முகப்பு என்பது மரியாதை சார்ந்த விஷயம். ஒழுங்காகப் பாத்தி கட்டி ஓரம் அடுக்கினால் காய்கறித் தோட்டமும் பார்க்க அழகாகத்தான் இருக்கும் என்று மட்டும் சொன்னேன். ஒரு பட்டம் பார்க்கலாம் என்று சம்மதித்தார்.

மண் என்று நினைத்தது

தண்ணீர் வடிந்த பிறகு கொல்லையில் கடப்பாரையை எடுத்து ஓரடி ஆழம் தோண்டினோம். மேலே மூன்று அங்குலம் செம்மண். அதற்குக் கீழே உடைந்த செங்கல், சிமென்ட் காரைக் கட்டிகள், ஜல்லி, கம்பித் துண்டு, சிமென்ட் மூட்டைக் காகிதம். கட்டட வேலை முடித்தவர்கள் குப்பையை அங்கேயே நிரவிவிட்டுப் போயிருந்தார்கள். புது வீடுகளில் இதைத்தான் எங்கும் பார்க்கிறேன்.

தோண்டிய குழியில் தண்ணீர் நிரப்பி வைத்தோம். நல்ல மண்ணானால் சில மணி நேரத்தில் உறிஞ்சிவிடும். மறுநாள் காலையில் பாதிக் குழி தண்ணீர் அப்படியே இருந்தது. கட்டட வண்டிகள் ஏறி ஏறி அடிமண் கெட்டித்துப் போயிருந்தது. கொல்லையில் மழைநீர் நின்றதற்குக் காரணம் இதுதான். வேர் தண்ணீரில் மூழ்கியிருந்தால் காற்றில்லாமல் அழுகும், செடி தண்ணீரில் நின்றுகொண்டே வாடும். அதைப் பார்த்து இன்னும் தண்ணீர் ஊற்றுகிறவர்கள் உண்டு.

பிறகு ஒரு பிடி மண்ணை எடுத்து அதில் வினிகர் விட்டோம். நுரைத்துப் பொங்கியது. சுண்ணாம்புச் சத்து மிகுதி என்பதற்கு அது அடையாளம். மண் பரிசோதனைக்குக் கொடுத்ததில் பி.எச். (மண்ணின் புளிப்பு, கார அளவு; 7க்கு மேல் போனால் கார மண்) 8.5 என்று வந்தது. இட்லிப்பூ புளிப்பு மண் கேட்கும் செடி. சிமென்ட் காரை கலந்த கார மண்ணில் இரும்புச் சத்து இருந்தாலும் வேரால் அதை எடுக்க முடியாது. இலையில் நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும், அதுவும் இளம் இலைகளில் முதலில் தெரிந்தால் இரும்புக் குறை என்று எடுத்துக்கொள்ளலாம். அன்னபேதி உப்பை (இரும்பு சல்பேட்) லிட்டருக்கு 5 கிராம் கரைத்து, சில துளி எலுமிச்சைச் சாறு விட்டு, மாலையில் இலையில் தெளித்தோம். இரண்டு வாரத்தில் புது இலை பச்சையானது. ஆனால் மண் மாறாதவரை மஞ்சள் திரும்ப வரும். அதனால் நான்கு இட்லிப்பூச் செடிகளை மட்டும் பெரிய தொட்டிகளில் புது மண்ணுக்கு மாற்றி, மதில் ஓரம் காகிதப்பூ வைத்தோம். அதற்குக் கார மண்ணும் வறட்சியும் பொருட்டே இல்லை.

தண்ணீர்

போர் தண்ணீரில் டிடிஎஸ், அதாவது கரைந்திருக்கும் உப்புகளின் அளவு, லிட்டருக்கு 1,400 மில்லிகிராம் காட்டியது. எல்லாச் செடிக்கும் அது ஒத்துவராது. தக்காளி ஓரளவு தாங்கும், பீன்ஸ் உப்புக்கு மிகவும் அஞ்சும் பயிர். அக்கா முதல் ஆண்டு போட்ட பீன்ஸ் ஓரம் கருகியதற்கும், புல் திட்டுத் திட்டாகக் காய்ந்ததற்கும் இந்த உப்பு ஒரு காரணம். தினமும் கொஞ்சம் கொஞ்சமாக மேலாகத் தெளித்ததால் தண்ணீர் ஆவியாகி உப்பு மேல்மண்ணிலேயே தங்கிவிட்டது.

மொட்டை மாடி 836 சதுர அடி. ஓர் அங்குல மழை பெய்தால் அதில் ஏறக்குறைய 1,970 லிட்டர் விழுகிறது. 2003 முதல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்பதால் குழாயும் குழியும் இருந்தன, குழிக்குள் மட்டும் கட்டடக் குப்பை. அதைத் தூர் வாரி, குழாயிலிருந்து ஒரு கிளை பிரித்து 1,000 லிட்டர் தொட்டி ஒன்று வைத்தோம். முதல் மழைத் தண்ணீரை வெளியே விட்டுவிட்டு அடுத்ததைப் பிடிக்க வேண்டும். அந்தத் தண்ணீர் நாற்றுக்கும் கீரைக்கும் மட்டும். மற்றவற்றுக்குப் போர் தண்ணீர்தான், ஆனால் முறையை மாற்றினோம். இலையில் படாமல் வேரடியில், தினமும் அல்லாமல் தேவைப்படும்போது, ஆழமாக. விரலை மண்ணில் இரண்டு கணு வரை விட்டு ஈரம் பட்டால் அன்று தண்ணீர் இல்லை. இருபது நாளுக்கு ஒரு முறை தாராளமாக விட்டு உப்பைக் கீழே இறக்கிவிடுவது.

பாத்தி கட்டியது

2023 மாசியில் புல்லைப் பெயர்த்தோம். 18 அடி அகலத்தில் நான்கு மேட்டுப்பாத்தி, ஒவ்வொன்றும் 3 அடி அகலம், 10 அடி நீளம், இடையிடையே ஒன்றரை அடி நடைபாதை. மூன்றடி என்பது கை நீளக் கணக்கு: இரு பக்கமிருந்தும் பாத்தியின் நடு எட்டும், உள்ளே கால் வைத்து மண்ணை மிதிக்க வேண்டியதில்லை. தோண்டி எடுத்த செங்கல்லையே ஓரத்துக்கு அடுக்கினோம். நடைபாதையில் ஜல்லி. மாமா அதைப் பார்த்துப் பார்த்துச் சரிசெய்தார். கல் ஒன்று வரிசை விலகியிருந்தாலும் அவருக்குத் தூக்கம் வராது.

அடியில் இருந்த குப்பையை ஓரடி ஆழத்துக்கு எடுத்தோம், கெட்டியான அடிமண்ணைக் கடப்பாரையால் குத்தி நெகிழ்த்தினோம். ஓரடிப் பள்ளத்தைச் சலித்த பழைய மண்ணும் கொஞ்சம் வெளி மண்ணும் கொண்டு நிரப்பி, அதன் மேல் முக்கால் அடி உயரத்துக்குப் பாத்தி. நான்கு பாத்திக்கும் 90 கன அடி வந்தது, லாரிக்காரர் கணக்கில் ஒரு யூனிட்டுக்கு (100 கன அடி) சற்றுக் குறைவு. மூன்றில் இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு மக்கிய தொழு உரம், பாத்திக்கு இரண்டு கிலோ வேப்பம் புண்ணாக்கு.

தொழு உரத்தில் ஏமாறக் கூடாது. நன்கு மக்கியது கறுத்து உதிரியாக இருக்கும், சாண வாடை அடிக்காது, குவியலுக்குள் கை விட்டால் சூடு இருக்காது. மக்காத சாணம் வேரைச் சுடும், வெள்ளை வேர்ப்புழுவையும் கூடவே கொண்டுவரும். எங்களுக்கு வந்த முதல் லோடில் புழு இருந்தது, அக்கா மொத்தத்தையும் பரப்பிப் போட்டு ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்தாள்.

பங்குனியில் கீரை மட்டும் விதைத்தோம். தொடங்குகிறவர்களுக்கு அதைத்தான் சொல்வேன். முளைக்கீரையும் சிறுகீரையும் இருபத்தைந்து நாளில் பறிக்க வரும், மண் எப்படி இருக்கிறது என்பதையும் சொல்லிவிடும். கீரை விதையை மணலோடு கலந்து தூவி, கையால் மெல்ல நிரவினால் போதும். ஆழமாகப் புதைத்தால் முளைக்காது. எந்த விதைக்கும் அதன் பருமனைப்போல் இரண்டு மடங்கு ஆழம் என்பது கைக்கணக்கு.

அதே நேரத்தில் கொல்லைக்கு வெயில் திரும்பியிருந்ததால் அங்கே வெண்டையும் கொத்தவரையும் போட்டோம். ஆவணிக்குள் அவை முடிந்துவிடும். பனிக்காலத்துக்குக் கொல்லையில் நிழல் தாங்கும் செடிகள்: வெற்றிலை, வல்லாரை, கற்பூரவல்லி, மஞ்சள். சமையலறைத் தண்ணீர் வெளியேறும் இடத்தில் கல்வாழையும் சேம்பும். வாஷிங் மெஷின் தண்ணீரை மட்டும் அதில் விடவில்லை, சோப்புத்தூளின் உப்பு மண்ணைக் கெடுக்கும். உரத்தொட்டியும் துணிக்கொடியும் அங்கேதான். காய்ந்த சருகு மூன்று பங்கு, காய்கறிக் கழிவு ஒரு பங்கு என்று அடுக்கினால் நாற்றம் வராது, மூன்று மாதத்தில் உரமாகும்.

2023 ஆடி

குழித்தட்டில் கத்தரி, மிளகாய், தக்காளி விதைத்து, வீட்டுச் சுவரை ஒட்டிய நிழலில் வைத்தோம். இருபத்தைந்தாம் நாள் மாலை வெயில் தாழ நட்டோம். கத்தரிக்குச் செடிக்குச் செடி இரண்டடி. அக்காவுக்கு அவ்வளவு இடைவெளி விட மனம் வரவில்லை. "நடுவுல இன்னொண்ணு வச்சா என்னடா?" என்று இரண்டு நாள் கேட்டாள். ஒரு பாத்தியில் அவள் விருப்பப்படி நெருக்கி வைத்தோம். மழைக்காலத்தில் இலைப்புள்ளி நோய் வந்தது அந்தப் பாத்தியில்தான். செடிகளுக்கிடையில் காற்று புகாமல் இலை ஈரம் காயவில்லை.

மண்ணை வெறுமனே விடாமல் சருகு, தென்னைமட்டைத் தூள் கொண்டு மூடாக்குப் போட்டோம். தண்ணீர்ச் செலவு பாதியாகக் குறைந்ததை அக்காவே பூவாளி எண்ணிச் சொன்னாள்.

வாசல் கதவோரம் பந்தலில் அவரை. புரட்டாசி வரை வெறும் கொடியாகவே ஓடியது. வெட்டிவிடலாமா என்று மாமா கேட்டார். கொடி அவரை நாள் குறுகும்போதுதான் பூக்கும். கார்த்திகையில் பூத்தது, தை முழுக்கக் காய் பறித்தார்கள். அவரைக்குக் காத்திருக்கத் தெரியாமல் கொடியைப் பிடுங்கியவர்கள் பலரை எனக்குத் தெரியும், அதனால் இதை எழுதுகிறேன்.

பூச்சி வராமல் இல்லை. தொட்டியிலிருந்த செம்பருத்தியில் மாவுப்பூச்சி வெள்ளை வெள்ளையாக அப்பியது. தண்ணீரைப் பீய்ச்சி அடித்துக் கழுவி, லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் காதி சோப்புக் கரைசல் கலந்து வாரம் ஒரு முறை தெளித்தோம். கடையில் கடுமையான மருந்து வாங்கி அடிக்க வேண்டாம் என்று தடுத்ததற்குக் காரணம் உண்டு. 2008இல் கோயம்புத்தூரில் பப்பாளி மாவுப்பூச்சி முதலில் தென்பட்டு, பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று தமிழ்நாடு முழுக்கப் பரவியது. எவ்வளவு மருந்து அடித்தும் அடங்கவில்லை. 2010இல் போர்ட்டோ ரிகோவிலிருந்து அசெரோபேகஸ் பப்பாயே என்ற மிகச் சிறிய ஒட்டுண்ணிக் குளவியைத் தருவித்து விட்ட பிறகுதான் அது கட்டுக்குள் வந்தது. நம் தோட்டத்திலும் பொறிவண்டும் குளவியும் அந்த வேலையைச் செய்கின்றன. கடும் மருந்து முதலில் அவற்றைக் கொன்றுவிடும். செம்பருத்தியில் மூன்றாம் வாரம் பொறிவண்டுப் புழுக்கள் தெரிந்தன. தெளிப்பதை நிறுத்திவிட்டோம்.

மார்கழியில் முன்வாசல் பாத்திகளிலிருந்து வாரத்துக்கு இரண்டரை கிலோ அளவுக்குக் கத்தரி வந்தது. இரண்டாம் ஆண்டுச் செலவு மண், உரம், தண்ணீர்த் தொட்டி எல்லாம் சேர்த்து 14,000 ரூபாய். கார் நிறுத்தும் இடத்தை ஒட்டிய நான்காம் பாத்தி மட்டும் இன்னும் சரியாக வரவில்லை. கூரைத் தகரத்தில் பட்டு எதிரொளிக்கும் சூடா, மண்ணில் மிச்சமிருக்கும் காரையா என்று தேடிக்கொண்டிருக்கிறோம். இப்போதைக்கு அதில் கற்றாழையும் பிரண்டையும்.

இப்போது எதிர் மனையில் கட்டடம் எழும்புகிறது. 40 அடி உயரம் வரும் என்கிறார்கள். அவர்கள் முன்னால் 5 அடி விட்டிருக்கிறார்கள், சாலை 20 அடி. மார்கழி மதியத்தில் நிழல் 30 அடி நீளும், அப்படியானால் அக்காவின் வாசலுக்குள் 5 அடி வரும். போன வாரம் மாமா என்னைத் தொலைபேசியில் அழைத்து இந்தக் கணக்கை அவரே சொன்னார். பாத்திகளில் வாசல் கதவுப் பக்கத்து ஐந்தடியைச் சுண்ணாம்புக் கோடு போட்டுப் பிரித்துவிட்டாராம். இந்த ஆடியில் அந்தப் பாதிக்கு மணத்தக்காளியும் அரைக்கீரையும், வீட்டுப் பக்கத்துப் பாதிக்குக் கத்தரியும் மிளகாயும். அவரைப் பந்தலை எங்கே நகர்த்துவது என்று அக்காவும் அவரும் இன்னும் முடிவு செய்யவில்லை.